மாமி அவித்த எலும்பு

எங்கள் ஊரில் இன்று பட்டம் படித்தவர்கள் முப்பது பேருக்குக் குறையாது. அவர்களில் எத்தனை பேர் பத்து வயதில் கிருமி பார்க்கிற நுணுக்குக்காட்டியில் கண் வைத்திருப்பார்கள்? ஒருவரும் இல்லை. நான் வைத்தேன். ஆறாம் வகுப்பு வாசலை மிதிக்காதவள் நான். தலையில் தயிர்ச் சட்டி சுமந்து தொடங்கியவள் இன்று இரண்டு குளிர் லொறிகளில் கொழும்புக்குத் தயிர் அனுப்புகிறேன். வங்கிக்குப் போனால் மனேஜர் எழுந்து நின்று கதிரை இழுத்துப் போடுவார். இதெல்லாம் ஒருவரும் எனக்குத் தந்ததில்லை. ஆனால் அந்த நுணுக்குக்காட்டி விஷயத்தில் மட்டும் நான் நாற்பது வயது வரை பிழையாகப் பெருமை அடித்திருக்கிறேன். அதை நானே சொல்லிவிடுவது நல்லது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்போம். சூரியன் படுகிற பக்கம். கிழக்கே கடலோரம் எழுவான்கரை. அந்த வருசங்களில் எழுவான்கரையில் ஆமிக்காரர், படுவான்கரையில் காட்டுக்குள் இருந்து வருகிற இயக்கப் பொடியன்மார். நடுவில் வாவி. அதைக் கடக்க மண்டூரில் ஒரு மிதவை இருந்தது. பலகை அடித்த அகலமான மிதவை. மனிதர், சைக்கிள், நெல் மூடை எல்லாம் ஏறும். அதைத்தான் நாங்கள் பாதை என்று சொல்வோம். ஒரு அரசாங்கத்திலிருந்து இன்னொரு அரசாங்கத்துக்குப் போக அந்தக் காலத்தில் அந்தப் பலகையில் பத்து நிமிசம் நின்றால் போதும்.

என் தாய்க்குப் பிள்ளைகள் ஐந்து. நான் நடுவில் பிறந்தவள். தாயின் தம்பியான மாமாவுக்குப் பிள்ளை இல்லை என்பதால், நான் பேருக்குத் தாய் வீட்டிலும் சோற்றுக்கு மாமா வீட்டிலுமாக வளர்ந்தேன். மாமா கறுப்பு, உயரம், கோபம். கோபம்தான் எல்லாவற்றிலும் பெரியது. மாமிக்கு எதுவும் சுத்தமாக இருக்க வேண்டும். கிணற்றடிக் கல்லைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்ப்பா. இந்த இரண்டு குணங்களும் சேர்ந்துதான் அந்தக் கிழமையை உண்டாக்கின.

மாமாவின் வயல் நாலு ஏக்கர். எங்கள் வட்டையின் ஓரத்தில், அதாவது வயல் நிலம் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. அதற்கு அப்பால் போடியாரின் எருமைப் பட்டி. போடியார் என்றால் பெரிய நிலக்காரர். நூற்றுக்கு மேல் எருமை வைத்திருந்தார். நெல் கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்தில் நிற்கும்போது ஒரு நாள் பட்டி அவிழ்ந்து வந்து மாமாவின் வயலில் அரை ஏக்கரை மிதித்துத் தின்றுவிட்டது. மாமா வரம்பில் ஏறி நின்று முழு வட்டைக்கும் கேட்கக் கத்தினார்.

“இனி ஒரு எருமை என்ட வரம்பில கால் வெச்சா, அது போடியார்ர பட்டிக்குத் திரும்பாது.”

போடியாரும் அவருடைய ஆட்களும் அங்கேதான் நின்றார்கள். அன்று பின்னேரமே மாமா மருந்துத் தாங்கியை முதுகில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போனார். அறக்கொட்டிப் பூச்சிக்கு அடிக்கப் போகிறேன் என்றார். மருந்தை வாளியில் கலக்கியபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். மிச்ச மருந்துத் தகரத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து பரணில் வைத்தார். பிறகு இரண்டு நாள் விடாமல் மழை. மூன்றாம் நாள் காலையில் போடியாரின் எருமைகள் நாலு செத்துக் கிடந்தன. மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று. அதில் ஒன்று எங்கள் வரம்பின் மேலேயே தலை வைத்துக் கிடந்தது.

அன்றைக்கே இரண்டு பொடியன்மார் சைக்கிளில் வந்தார்கள். பரணில் ஏறித் தகரத்தை எடுத்தார்கள். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனார்கள். செவ்வாய்க்கிழமை.

மாமி என்னையும் இழுத்துக்கொண்டு அவர்களின் பொறுப்பாளரிடம் ஓடினா. மீசை அப்போதுதான் முளைத்திருந்த பொடியன். சத்தமே போடமாட்டான். கத்துகிறவனுக்கு அந்தக் காலத்தில் ஊர் பயப்படவில்லை. மெல்லமாகக் கதைக்கிறவனுக்குத்தான் பயந்தது. அவன் மாமிக்கு இருக்கக் கதிரை தந்தான். தேத்தண்ணி குடிக்கிறீங்களா என்று கேட்டான். பிறகு சொன்னான்.

“மாடு எங்கட சனத்தின்ட சொத்து, அக்கா. நஞ்சு வெச்சவனுக்கு என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும். நோயில செத்தது எண்டா மாட்டு டொக்டர்ர கடிதம் கொண்டு வாங்க. வெள்ளிக்கிழம வரைக்கும் பாப்பன்.”

என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. சந்தியில் கம்பி அறுந்த லைற்றுத் தூண் ஒன்று நின்றது. முந்தின மாதம் அதில் ஒருவனைக் கட்டிச் சுட்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பார்த்த பிள்ளைகள் சொன்னார்கள். அதன் பிறகு நாங்கள் அந்தச் சந்தியைச் சுற்றி வயலுக்குள்ளால்தான் பள்ளிக்கூடம் போனோம்.

மாட்டாஸ்பத்திரி எழுவான்கரையில் இருந்தது. மாமி பாதைக்காரரிடம் துண்டுக் கடிதம் ஒன்று கொடுத்தனுப்பினா. புதன்கிழமை காலையில் பதில் வந்தது. மாமி அதை எழுத்துக்கூட்டி மூன்று முறை வாசித்தா. எனக்கு இன்றைக்கும் மனப்பாடம். தனக்கு வாவி தாண்ட அனுமதி இல்லை என்றும், பிணம் பழுதாகியிருக்கும் என்பதால் இறைச்சி உதவாது என்றும் டொக்டர் எழுதியிருந்தார். செத்த எருமையின் காலெலும்பு ஒன்று வேண்டும். நீளமானது, உடையாதது. இறைச்சி ஒட்டாமல் நன்றாகச் சுத்தம் செய்து துணியில் சுற்றிக் கொண்டு வரவும். ‘நன்றாகச் சுத்தம் செய்து’ என்பதற்குக் கீழே பேனையால் கோடு இழுத்திருந்தார்.

அந்தக் கோட்டை இழுத்தவருக்கு எங்கள் மாமியைத் தெரியாது.

மாட்டிறைச்சி வாசற்படி ஏறாத வீடு அது. மாமி மூக்கில் துணி கட்டிக்கொண்டு, வரம்பில் கிடந்த எருமையின் பின்னங்காலைக் கோடரியால் தானே வெட்டினா. ஒருவரையும் கூப்பிடவில்லை. நான் காலைப் பிடித்தேன். நாய்கள் மூன்று சுற்றி நின்றன. வீட்டுக்குக் கொண்டு வந்து கத்தியால் சுரண்டினா, சாம்பலால் தேய்த்தா, தேங்காய்த் தும்பால் உரஞ்சினா. அப்படியும் நாற்றம் போகவில்லை. எலும்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அழுதா.

“இத எப்பிடிப் புள்ள ஒரு டொக்டர்ர மேசையில வைக்கிற? பாத்துப்போட்டு எங்களப் பத்தி என்ன நினைப்பார்?”

பிறகு நெல் அவிக்கிற கிடாரத்தை எடுத்து அடுப்பில் வைத்தா. மூன்று தண்ணீர் மாற்றி அவித்தா. இரண்டாம் தண்ணீரில் மஞ்சள் போட்டா. எலும்பு வெளியே வந்தபோது யானைத் தந்தம்போல இருந்தது. மாமி காத்தான்குடியில் வாங்கிய தன்னுடைய நல்ல சேலை ஒன்றைக் கிழித்து அதில் சுற்றினா. அந்த வீட்டில் அன்றைக்குச் சோறு ஆக்கவில்லை.

வியாழக்கிழமை விடிய நாங்கள் பாதை ஏறினோம். ஆண்கள் போகமுடியாது, அக்கரையில் ஆமிக்கு ஆள் காட்டிக்கொடுக்கிற தலையாட்டி ஒருவன் முகத்தில் சாக்கு மூடிக்கொண்டு இருப்பான், அவன் ஆட்டினால் ஆள் இல்லை. அதனால் படுவான்கரையில் பிரயாணம் எல்லாம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும்தான். அக்கரையில் இறங்கியதும் சென்றி, ஆமியின் சோதனைச் சாவடி. வெயில் உச்சிக்கு ஏறும்வரை வரிசையில் நின்றோம். முன்னால் நின்ற பெண்ணின் அரிசிப் பையைக் கம்பி விட்டுக் குத்திப் பார்த்தார்கள். அடுத்தது நாங்கள்.

ஆமிக்காரன் சேலைத் துணியைப் பிரித்தான். எலும்பு வெளியே வந்தது.

அவன் ஒரு அடி பின்னால் போனான். துவக்கின் குழல் முன்னால் வந்தது. இன்னும் மூன்று பேர் ஓடி வந்தார்கள். ஒருவன் எலும்பைத் தன் காலோடு ஒட்டி வைத்து அளந்து பார்த்தான். அந்த வருசத்தில் எலும்புகள் வெளியே வந்தால் அது ஆருடைய எலும்பு என்று எல்லாரும் பயப்படுகிற காலம், அவர்களும்தான்.

“மனுசன்? இது மனுசன் கால்?” என்று கேட்டான்.

மாமி என் தோளைப் பிடித்தா. நான் பத்து வயதுக்காரி. ஆனால் அதற்கு முன்பே துறையில் தயிர் விற்றிருக்கிறேன், தயிர் வாங்க வந்த சிங்கள வியாபாரியிடம் நாலு சொல் பிடித்திருக்கிறேன். முன்னுக்கு வந்தேன். “மீஹரக்! மீஹரக்!” என்றேன். எருமை என்று அர்த்தம். அது போதாது என்று இரண்டு கையையும் தலையில் கொம்பாக வைத்து எருமைபோலக் கத்தியும் காட்டினேன். பிறகு அளந்து பார்த்தவன் எலும்பை மூக்கருகில் கொண்டு போனான். முகர்ந்தான். “சூப்” என்றான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

நாறியிருந்தால் அந்த நிமிசமே வாவிக்குள் எறிந்திருப்பார்கள். மாமியின் அடுப்புக்கு அந்தப் பெருமை உண்டு. அதை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் மாமியின் அடையாள அட்டையைப் பார்த்த பெரியவன் சிரிக்கவில்லை. படத்தில் இருந்த மாமிக்கு இரட்டைப் பின்னலும் உருண்டை முகமும். எதிரில் நின்ற மாமி மூன்று நாள் சாப்பிடாதவ. அவன் மாமியை வாங்குப் பலகையில் இருத்தினான். என்னைப் பார்த்து நாலு விரலைக் காட்டினான். நாலு மணிக்குள் டொக்டரின் கடிதத்தோடு வந்து காட்டு, இல்லாவிட்டால் இவவை முகாமுக்குக் கொண்டுபோவோம் என்று தெரிந்த தமிழில் சொன்னான். மாமியைத் தொடவில்லை, ஏசவுமில்லை. ஆனால் பக்கத்தில் துவக்கோடு ஒருவன் நின்றான்.

“ஓடு மகள்” என்றா மாமி. “கடிதம் இல்லாம திரும்பி வராத.”

மாமா அந்தக் கரையில், மாமி இந்தக் கரையில், எலும்பு என் கையில். இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல் தூரம் ஓடினேன். எங்கும் நிற்கவில்லை.

மாட்டாஸ்பத்திரியின் கூரையில் பாதி இல்லை. ஷெல் விழுந்ததாம். மிச்சப் பாதிக்குக் கீழே டொக்டர் தனியாக இருந்தார். யாழ்ப்பாணத்து மனிசன், மெலிந்து, கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். துணியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிரித்தார். எலும்பைக் கையில் எடுத்தார். விரலால் தடவினார். மலர்ந்த முகம் அப்படியே நின்றுவிட்டது.

எலும்பைச் சாக்கில் வைத்துச் சுத்தியலால் அடித்தார். உள்ளே எலும்பு மூளை, அதாவது மஜ்ஜை, சாம்பல் நிறத்தில், ஆறின கஞ்சிபோல இறுகிக் கிடந்தது.

“ஆர் பிள்ளை இதை அவிச்சது?”

எனக்கு வந்த சந்தோசம் கொஞ்சமில்லை. நாங்கள் பட்ட பாட்டை ஒருவராவது கண்டுபிடித்தாரே. “மாமி!” என்றேன். “மூண்டு தண்ணி மாத்தி அவிச்சவ. மஞ்சளும் போட்டவ.”

டொக்டர் கதிரையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் மாமாவின் கதையைச் சொன்னேன். தூணைச் சொன்னேன். வாங்கில் இருக்கிற மாமியைச் சொன்னேன். நாலு மணியைச் சொன்னேன். அவர் சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒன்றரை.

எழும்பி அந்தச் சாம்பல் மூளையில் கொஞ்சம் எடுத்துச் சிறிய கண்ணாடித் தகடு ஒன்றில் தேய்த்தார். நீல மருந்து விட்டார், கழுவினார், வெயிலில் காயவைத்தார். கரண்ட் இல்லை. நுணுக்குக்காட்டியை ஜன்னலுக்குக் கொண்டுபோய், அதன் அடியில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி வெயிலைப் பிடித்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அந்தத் தகட்டை எடுத்து ஓரத்தில் வைத்துவிட்டு என்னை விசாரிக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியாரும் என்னிடம் அவ்வளவு கவனமாகக் கேள்வி கேட்டதில்லை.

முதல் செத்தது எப்போது? மழைக்கு முன்னமோ பின்னமோ? கழுத்து எப்படி இருந்தது? நான் சொன்னேன்: மழைக்குப் பிறகுதான். தொண்டை பலூன்போல வீங்கி, நாக்கு வெளியே தள்ளி, வாயில் நுரை. உயிரோடு நின்ற ஒன்று மூச்சு விட்ட சத்தம் எங்கள் வீட்டு வளவு வரை கேட்டது.

“செத்ததைத் திண்ட நாய், காகம் ஏதும் செத்ததோ?”

“இல்ல. எங்கட நாய் கறுப்பன் ரெண்டு நாளா அதுலதான் கிடக்கு. இண்டைக்கு விடியவும் துறைவரைக்கும் எங்களோட வந்தது.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அதையே இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன். அறைக்குள் நாலு தரம் நடந்தார். கூரை இல்லாத பக்கம் போய் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். என் முன்னால் குந்தி இருந்து மெல்லக் கேட்டார்.

“உண்மையைச் சொல்லு பிள்ளை. மாமா நஞ்சு வைச்சவரோ?”

அவர் மருந்து கலக்கியதை நான் கண்டிருந்தேன். அது என் நெஞ்சுக்குள் மூன்று நாளாகக் கல்லுப்போலக் கிடந்தது. மாமாவை விட்டுக்கொடுக்கவும் முடியாது. அதனால் தலையை நிமிர்த்திக்கொண்டு, “மாமா எதையும் சொல்லிப்போட்டுத்தான் செய்வார்” என்றேன். டொக்டர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் பதில் எந்தப் பக்கம் வெட்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

எழும்பிப் போய் அலுமாரியில் இருந்து ஒரு மரப்பெட்டியை எடுத்தார். அதில் கண்ணாடித் தகடுகள் வரிசையாகச் செருகியிருந்தன. ஒன்றை உருவி நுணுக்குக்காட்டியில் வைத்தார். தான் ஒரு தரம் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு முக்காலியில் ஏற்றினார்.

“ஒரு கண்ணை மூடு. என்ன தெரியுது?”

வெளிச்சம். அதற்குள் நீலப் பொட்டுகள். சின்னச் சின்ன ஊசி. இரண்டு முனையும் கறுத்து, நடு வெளுத்து, சட்டை ஊசிகளை அள்ளி எறிந்ததுபோல. அப்படியே சொன்னேன்.

“அதுதான் எருமையைக் கொன்ற கிருமி. நீ உன்ரை கண்ணாலை கண்டனி. ஆர் கேட்டாலும் சொல்லு, நீ கண்டனி எண்டு.”

பிறகு கடிதம் எழுதினார். அரசாங்கத் தலைப்புப் போட்ட தாளில், இந்த எருமைகள் தொண்டையடைப்பான் நோயால் இறந்தன, இதற்கும் எந்த நஞ்சுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதி எனக்கு வாசித்தும் காட்டினார். மிச்ச எருமைகளுக்கு ஊசி போடச் சனிக்கிழமை தானே நேரில் வருவதாகக் கடைசி வரி. கையெழுத்து வைத்தார். ஊதா முத்திரையைக் குத்தினார். குத்திய கையை உடனே எடுக்காமல் சற்று அழுத்திக்கொண்டே நின்றார்.

வாசலில் என்னைத் தடுத்து, “அவிச்ச கதையை ஒருத்தருக்கும் சொல்லாதை. மாமிக்கும் நான் கேட்டதெண்டு சொல்லாதை” என்றார். நான் பெரிய மனுசிபோலத் தலையாட்டினேன். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது: நெல் அவிக்கிற கிடாரத்தில் எருமை எலும்பு போட்டது ஊருக்குத் தெரிந்தால் மாமிக்கு எவ்வளவு வெட்கம். நல்ல மனிசன் என்று நினைத்தேன்.

மூன்றே முக்காலுக்குச் சென்றிக்கு வந்து சேர்ந்தேன். மாமியை விட்டார்கள். பாதையில் ஏறின பிறகுதான் மாமி வாந்தி எடுத்தா.

வெள்ளிக்கிழமை பொறுப்பாளன் கடிதத்தை இரண்டு முறை வாசித்தான். நான் பக்கத்தில் நின்று, கிருமியை நான் கண்டேன், சட்டை ஊசி மாதிரி இருந்தது என்றேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் மாமாவை விடவில்லை.

“டொக்டர் தானே வாறன் எண்டு எழுதியிரிக்கார். நல்லம். வந்து எங்களுக்கு முன்னால ஒண்ட வெட்டிக் காட்டட்டும். அதுவரைக்கும் அண்ணன் எங்களோட இரிக்கட்டும்.”

சனிக்கிழமை பாதையில் டொக்டர் வரவில்லை. மாமி துறையில் நின்று பார்த்துப் பார்த்துத் திரும்பினா. காலை எட்டு மணிபோல வாவியின் கரையோரக் கண்ணாமரப் பற்றைக்குள்ளால் ஒரு மீன்காரரின் தோணி வந்தது. அதற்குள் டொக்டர், மடியில் கயிறு கட்டிய ஐஸ் பெட்டி. ஆமி அனுமதி கொடுக்கவில்லையாம். ஒளித்து வந்திருக்கிறார். முழங்கால் வரை சேறு.

அன்று விடியப் போடியாரின் பட்டியில் இன்னொரு எருமை செத்திருந்தது. பட்டிக்கே தலைமையாய் நடக்கிற நாம்பன், ஆண் எருமை. சூடு ஆறாத உடம்பு. அதைச் சுற்றி ஊரே நின்றது. பொறுப்பாளன் வந்தான். அவனுக்குப் பின்னால் மாமாவைக் கொண்டு வந்தார்கள். கை பின்னால் கட்டியிருந்தது, ஒரு கண் வீங்கியிருந்தது. மாமா ஒருவரையும் பார்க்கவில்லை.

போடியார் குடையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “வாவிக்கு அங்கால இரிந்துகொண்டே என்ட மாட்டுட நோயப் புடிச்சிட்டீங்களே டொக்டர். கெட்டிக்காரன்தான்.”

“எலும்பு சொன்னது” என்றார் டொக்டர்.

“நீங்க எழுதினது பிழையா இரிந்தா?” என்று பொறுப்பாளன் கேட்டான், அதே மெல்லிய குரலில்.

“பிழையெண்டால் நான் இஞ்சைதானே நிக்கிறன்.”

அவர் கத்தியை எடுத்தார். அதற்கு முதல் தண்ணீர் கேட்டு வாங்கிக் கை கழுவினார். கழுவிய கையைத் திரும்பவும் கழுவினார். எருமைக்குள் கை விடப் போகிறவருக்கு எதற்கு இவ்வளவு கழுவல் என்று எனக்குப் பக்கத்தில் நின்ற கிழவர் முணுமுணுத்தார். கத்தியைத் தொண்டையில் வைத்தபோது நுனி ஆடியது. நான் கண்டேன், நான்தான் எல்லாருக்கும் முன்னால் குந்தியிருந்தேன். பிறகு ஒரே இழுவை. தோல் பிளந்தது.

உள்ளே மஞ்சள். வைக்கோல் நிறத்தில் ஒரு வழுவழுப்பு, தொண்டை முழுக்கத் தேங்கி, வெட்டின இடத்தால் வழிந்து வந்தது. டொக்டர் அதை விரலால் தொட்டார். நெஞ்சைத் திறந்து இருதயத்தை வெளியே எடுத்தார். அதன் மேல் குங்குமம் தெளித்ததுபோலச் சிவப்புப் புள்ளிகள். அதைப் பொறுப்பாளனுக்குத் தூக்கிக் காட்டினார். “நஞ்சு இப்பிடிச் செய்யாது. இது அந்த நோய்தான். நான் எழுதினது” என்றார்.

சொல்லி முடிக்கவும் அவருடைய கால் மடிந்தது. நின்ற நிலையிலேயே தொப்பென்று சேற்றுக்குள் இருந்துவிட்டார். கண்ணாடி கழன்று விழுந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கப் போனார்கள். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு அப்படியே இருந்தார். பொறுப்பாளன் அவரையும் எருமையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கண்ணால் காட்டினான். மாமாவின் கயிற்றை அவிழ்த்தார்கள். மாமி போய் மாமாவைத் தொடவில்லை. நேரே டொக்டரிடம் போய்ச் செம்பில் தண்ணீர் கொடுத்தா.

பிறகு அவர் எழும்பிப் பின்னேரம் வரை பட்டி முழுவதற்கும் ஊசி போட்டார். அதன் பிறகு அந்தப் பட்டியில் ஏழோ எட்டோதான் செத்தது. பொழுது சாய முதல் அதே தோணியில் போய்விட்டார். அவரை நான் பிறகு காணவில்லை. மாற்றலாகிப் போனார் என்றார்கள். எந்த ஊருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது.

வருசங்கள் போய், எனக்கே பெரிய பட்டி ஆன பிறகு, என்னுடைய எருமை ஒன்று கழுத்து வீங்கிச் செத்தது. வந்த டொக்டர் சின்னப் பெண். நான் சும்மா இருப்பேனா? காலெலும்பை அவித்துக் கொண்டுபோங்கள், கிருமி வடிவாகத் தெரியும் என்று அவவுக்கு வழி சொன்னேன். அவ சிரித்துவிட்டா.

“அவிச்சா கிருமி எல்லாம் அழிஞ்சிடும் அம்மா. பச்சை எலும்பு வேணும். அவிச்ச எலும்பில ஒண்டும் பாக்கேலாது.”

அரை மணித்தியாலம் சண்டை பிடித்தேன். நான் உங்களுக்கு முன்னமே நுணுக்குக்காட்டியில் பார்த்தவள் என்றேன். சட்டை ஊசியைச் சொன்னேன், மரப்பெட்டியைச் சொன்னேன். பெட்டி என்றதும் அவ சிரிப்பை நிறுத்திவிட்டா. “அப்ப நீங்க பாத்தது வேற எப்பவோ செத்த வேற மாட்டுட கிருமி அம்மா” என்றா. அன்று லொறியில் தயிர் ஏற்றக்கூட நான் போகவில்லை, ஆட்கள்தான் ஏற்றினார்கள். மாமி அதன் பிறகும் பத்து வருசம் இருந்தா. தன்னுடைய எலும்புதான் மாமாவைக் காப்பாற்றியது என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தா. நான் திருத்தவில்லை.

அந்தச் சனிக்கிழமை பின்னேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: படித்த மனிசன், மாட்டு டொக்டர், இரத்தத்தைக் கண்டு பயந்து சேற்றுக்குள் விழுந்துவிட்டார். அதைவிடப் பகிடி நான் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்கள் வளவில் சனம் கூடியிருந்தது. நான் நடுவில் நின்று ஒரு தடியைக் கத்தியாகப் பிடித்தேன். கையை இரண்டு தரம் கழுவினேன். தடியை நடுங்க விட்டேன். “நான் எழுதினது” என்று யாழ்ப்பாணத்துக் குரலில் சொல்லிவிட்டு, கால் மடிந்து தொப்பென்று விழுந்து காட்டினேன். திரும்பச் செய் என்றார்கள். திரும்பவும் செய்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வீங்கிய கண்ணால் நீர் வழிய, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமாதான்.